பட்டணம் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

மே மாதம். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு எங்கே போகும்?

ஊட்டி, கொடைக்கானல் என்று சொல்கிறவர்கள் பத்திரிகைகளின் கோடை மலர் படித்து வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் மிகப் பெரும்பாலான வீடுகளுக்குக் கோடைச் சுற்றுலா என்பது ஒரே நாள், ஒரே ஊர். "பட்டணம் பார்க்கப் போறோம்" என்றால் மெட்ராஸுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். அமாவாசைக்குப் போகிற கோயில், கல்யாணத்துக்குப் போகிற சொந்தக்காரர் வீடு, இரண்டும் இந்தக் கணக்கில் வராது. சும்மா பார்ப்பதற்காகவே ஒரு பெரிய நகரத்துக்குக் குடும்பத்தோடு போய் வருவது என்பது வேறு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் 1985 என்று ஒரு வருடம் மிக முக்கியமானது. ஏன் என்று பிறகு.

வேடிக்கை என்னவென்றால், முதலில் போக்குவரத்து எதிர்த்திசையில்தான் நடந்தது. பட்டணத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள்! 1806ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிற்பாடு வடக்கும் தெற்கும் நீண்டு, 1878ல் அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது அதுதான். உப்பும் விறகும் ஏற்றிவந்த அதே தண்ணீர் வழியில், கோடையில் கோட்டையின் புழுக்கம் தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்கள் எண்ணூருக்குக் காற்று வாங்க வந்தன. இன்றைக்கு எண்ணூர் என்றதும் சாம்பலும் எண்ணெயும் நினைவுக்கு வருகிற தலைமுறைக்கு இது நம்பக் கடினமான செய்தி.

திசையைத் திருப்பியது ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்டது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போகும் பாதை. அதாவது தமிழ்நாட்டில் ரயிலை முதலில் பார்த்த ஊர்களில் திருவள்ளூரும் ஒன்று. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கிடைக்காத பாக்கியம்! கும்மிடிப்பூண்டி இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்தது. மெட்ராஸையும் விஜயவாடாவையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைப் பாதை 1899ல் முடிந்தபோதுதான் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்களுக்குப் பட்டணம் கிட்டே வந்தது. மாட்டு வண்டியில் போனால் ஒரு பகல் முழுதும் போய்விடும். ரயில் வந்தபின் காலையில் போய் இரவு வீட்டுக்குத் திரும்பலாம். ஒருநாள் சுற்றுலா என்ற விஷயமே அப்போதுதான் சாத்தியமாயிற்று.

இது இங்கே மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841ல் லெஸ்டர் ஊரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். உலகச் சுற்றுலாத் தொழிலின் பிள்ளையார் சுழி அது. நியூயார்க்கில் 1920 வாக்கில் சுரங்க ரயில் கோனி தீவுக் கடற்கரை வரை நீண்டது. ஐந்து சென்ட் கொடுத்தால் ஏழைத் தொழிலாளியும் பிள்ளைகளோடு அலையில் கால் நனைக்கலாம். 1948 வரை அந்த ஐந்து சென்ட் ஏறவே இல்லை. ஏழைக்கு விடுமுறை உண்டா இல்லையா என்பதை எல்லா ஊரிலும் டிக்கெட் விலையும் கடைசி வண்டியின் நேரமும்தான் தீர்மானித்திருக்கின்றன.

சரி, பட்டணத்தில் இறங்கியாயிற்று. எங்கே இறங்கினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1873ல் சென்ட்ரல் நிலையம் வந்தது. அதற்குப் பின்னாலும் பக்கத்திலுமாக, கவர்னர் டிரெவெல்யன் 1859ல் தொடங்கிவைத்த பீப்பிள்ஸ் பார்க் என்ற பிரம்மாண்டமான மக்கள் பூங்கா விரிந்து கிடந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது அதற்கு முந்தைய வருடம்தான். நகரத்துக்கு நுரையீரல் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

அந்தப் பூங்காவுக்குள்தான் மிருகக்காட்சி சாலை இருந்தது. அது பிறந்த இடம் எழும்பூர் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாடம் பண்ணிய மிருகங்களை விட உயிருள்ள மிருகங்களுக்கே கூட்டம் வரும் என்று கண்டுகொண்டார். 1855ல் அருங்காட்சியக வளாகத்திலேயே சில பிராணிகளை வைத்துத் தொடங்கினார். நவாபிடம் கேட்டும் வாங்கினார். அடுத்த ஆண்டே பிராணிகளின் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது. இடம் போதாமல் 1860களில் பூங்காவுக்கு மாறியது.

மெட்ராஸ்காரர்கள் இந்த இரண்டுக்கும் வைத்த பெயர்கள் அற்புதமானவை. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'! படித்தவன் போகிற இடமெல்லாம் காலேஜ் என்றால், படிக்காதவன் காசு கொடுத்துப் போய்க் கற்றுக்கொள்கிற இடமும் காலேஜ்தானே. இந்தப் பெயர்களை வைத்தது யார் என்று தேடுவதில் பயனில்லை. மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன சனங்கள் வைத்த பெயர்கள் அவை.

சென்ட்ரலை ஒட்டியே 1900 வாக்கில் மூர் மார்க்கெட் எழுந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர். சிவப்புக் கல் கட்டிடம், நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் கடைகள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா, வெள்ளெலி, பொம்மை, பழைய கடிகாரம், ராணுவ பூட்ஸ்... அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். பேரம் பேசத் தெரியாதவன் உள்ளே போகக்கூடாது என்றும் சொல்வார்கள். பக்கத்திலேயே விக்டோரியா பப்ளிக் ஹால், 1913ல் திறந்த வெள்ளை வெளேர் ரிப்பன் மாளிகை.

இப்போது வரைபடத்தை மனதில் போட்டுப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கினால் சிங்கம். சிங்கத்தைப் பார்த்து முடித்தால் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கப் பூங்கா. சாப்பிட்டு எழுந்தால் பொம்மை வாங்க மூர் மார்க்கெட். பொம்மையோடு நடந்தால் மறுபடியும் ரயில். பஸ் பிடிக்க வேண்டாம். வழி கேட்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட நான்கு பேரன் பேத்திகளை இழுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பலாம். ஒரு நகரம் தன் கதவருகிலேயே எல்லா வேடிக்கையையும் கொண்டுவந்து வைத்திருந்தது. யாரும் இப்படித் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் வெளியூர் ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடச் சிறப்பாக யாராலும் திட்டமிட்டிருக்க முடியாது.

இன்னும் கொஞ்சம் நடக்கத் தெம்பு இருந்தால் எழும்பூர், செத்த காலேஜ். திருவள்ளூர்க்காரர்களுக்கு அங்கே ஒரு விசேஷம் காத்திருந்தது. வெண்கலச் சிலைகள் பிரிவில் உலகமே வியக்கும் ஒரு நடராஜர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படத்தில் பார்த்தே மயங்கி, கட்டுரையே எழுதினார். அந்த நடராஜர் எந்த ஊர்க்காரர்? திருவள்ளூரை அடுத்த திருவாலங்காடு! ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் அதே அருங்காட்சியகத்தில்தான். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கற்கருவிகளைச் சேர்த்து, அவருடைய சேகரிப்பு முழுவதையும் 1904ல் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஊரை விட்டு 42 கிலோமீட்டர் போய், டிக்கெட் வாங்கி, கண்ணாடி வழியாகத் தன் ஊரையே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். எத்தனை பேர் அதைத் தெரிந்து பார்த்தார்களோ! (தண்ணீர்க் கதையும் இதேதான். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944ல் பயன்பாட்டுக்கு வந்தது. பட்டணத்துக் குழாயில் பிள்ளைகள் குடித்த தண்ணீரும் பல நாள் அவர்கள் மாவட்டத்துத் தண்ணீர்தான்.)

கடற்கரை மட்டும் தூரம். கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினாவில் நடைபாதை அமைத்தார். 1895 முதல் மின்சார டிராம் ஓடியது. அதில் திருவல்லிக்கேணிப் பக்கம் போய் இறங்கி நடந்துவிடலாம். 1953ல் டிராம் நின்ற பிறகு பஸ்தான். 1959ல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடம் திறந்தபோது பார்க்க வேண்டிய பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது. திறந்த நேரத்தில் இந்தியாவிலேயே உயரமான கட்டிடம் அது. மாடிகளை எண்ணிப் பார்ப்பதற்குக் காசு கிடையாது என்பதால் எல்லாரும் எண்ணினார்கள். 1969க்குப் பிறகு மெரினாவில் அண்ணா சமாதியும் சேர்ந்துகொண்டது. பகல் முழுக்க சென்ட்ரல் சுற்றுவட்டம், வெயில் தாழ்ந்ததும் கடற்கரை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பிறகு ஓட்டமும் நடையுமாக ரயில். இதுதான் திட்டம்.

இடையில் ஒரு கோடை மட்டும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. 1942 ஏப்ரல். ஜப்பான் குண்டு போடப்போகிறது என்ற பீதியில் பட்டணமே காலியானது. வசதி உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் கிடைத்த வண்டியில் வெளியூருக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, உயிர் காலேஜின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சிங்கம் புலி பார்க்க வேண்டிய கோடையில் சிங்கம் புலியே இல்லை. அந்த விலங்குகள் செய்த குற்றம் என்ன என்று இன்றைக்குப் படித்தாலும் மனசு கேட்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் 1979. அந்த ஆண்டில் கும்மிடிப்பூண்டி வரையும் திருவள்ளூர் வரையும் பாதை மின்மயமானது. ஒரு நாளைக்கு எண்ணிச் சில பாசஞ்சர் வண்டிகள் என்ற நிலை போய் மின்சார ரயில் அடிக்கடி வரத் தொடங்கியது. 'வண்டியை விட்டுட்டா அவ்வளவுதான்' என்ற பயம் குறைந்தது. கும்மிடிப்பூண்டி வழியில் ரயிலே பாதி வேடிக்கை. மீஞ்சூர், அத்திப்பட்டு தாண்டியதும் கழிமுகத்துத் தண்ணீர், 1970ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அப்புறம் திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை. (அந்த மின் நிலையம் 2017ல் மூடப்பட்டுவிட்டது.)

சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, கும்மிடிப்பூண்டியில் வேறு ஒரு வகைக் குடும்பம் உருவானது. விவசாயக் குடும்பத்துக்கு அறுவடை முடிந்தால் ஓய்வு. கம்பெனிக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒருநாள் விடுமுறையும், 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு அந்த 240 நாள் கணக்கு ஏட்டில் ஏறினால்தானே! ஆக, அப்பாவின் ஷிப்டுதான் சுற்றுலாத் தேதியை முடிவு செய்யும். சனிக்கிழமை ராத்திரி ஷிப்டு முடித்து ஞாயிறு காலை கண் எரிய எரிய ரயில் ஏறும் அப்பாக்கள் இந்தத் தடத்தில் உண்டு. பிள்ளைகள் ஜன்னலோரம், அப்பா எண்ணூர் வருவதற்குள் தூக்கம்.

மின்சார ரயிலும் இருந்தது, உயிர் காலேஜும் மூர் மார்க்கெட்டும் ரயிலடியிலேயே இருந்தன. இந்த மூன்றும் சேர்ந்து இருந்த காலம் மொத்தம் ஆறே வருடம்.

1985 மே 30. மூர் மார்க்கெட் எரிந்தது. விடுமுறைக் காலம், ரயிலடியில் கூட்டம் நெரிகிற மாதம். ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த இடத்தின் மேல் ஏற்கெனவே கண் இருந்ததால், தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் கடைக்காரர்களிடம் நெடுங்காலம் இருந்தது. கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பழைய கூட்டம் அங்கே வரவில்லை.

அதே 1985, ஜூலை 24. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். இரண்டு சம்பவத்துக்கும் நடுவில் இரண்டு மாதம்கூட இல்லை! விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் இது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. ரயில் புகையும் ஹாரன் சத்தமும் நெருக்கிய கூண்டுகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டுக்குப் போவது புலிக்கு விடுதலைதான். சந்தேகமே இல்லை. ஆனால் புலிக்குக் கிடைத்த விடுதலையின் செலவில் ஒரு பங்கு, வடக்கேயிருந்து வரும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. யாரும் அதைக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஏனென்றால் வண்டலூர் நகரத்தின் தெற்கு எல்லைக்கு அப்பால். கும்மிடிப்பூண்டி வடக்குக் கோடி. இனிமேல் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய், இன்னொரு டிக்கெட் எடுத்து, தாம்பரம் தாண்டி முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். சிங்கத்துக்கு மட்டுமே ஒரு நாள் முழுசாகப் போய்விடும். கடற்கரையா மிருகமா என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டிய நிலை அந்த வருடம்தான் தொடங்கியது. இரண்டும் வேண்டும் என்றால் ராத்திரி தங்க வேண்டும். தங்குவதற்குச் சொந்தக்காரர் வேண்டும், அல்லது லாட்ஜுக்குக் காசு வேண்டும். எல்லாக் குடும்பத்துக்கும் அந்த உரிமையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990 முதல் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் அகதி முகாமில், தணிக்கை நாளில் ஆள் இருந்தாக வேண்டும். நினைத்தபோது வெளியூரில் தங்கிவிட்டு வருவது அங்கே லேசில் நடக்கிற காரியம் இல்லை.

நாள் பார்ப்பதும் சிக்கலானது. உயிர் காலேஜுக்குப் பொதுவாகச் செவ்வாய் விடுமுறை. செத்த காலேஜுக்கு வெள்ளி விடுமுறை. ஞாயிறு என்றால் இரண்டும் திறந்திருக்கும், ஆனால் ஊரே அங்கேதான் இருக்கும். 1972ல் கிண்டிக்கு வந்த பாம்புப் பண்ணை, 1988ல் கோட்டூர்புரத்தில் திறந்த பிர்லா கோளரங்கம், 1990களில் தெற்கே வரிசையாக வந்த தீம் பார்க்குகள்... புதிதாக வந்த வேடிக்கை எல்லாம் தெற்கேதான். வடக்கே வந்ததெல்லாம் அனல் மின் நிலையமும் துறைமுகமும். நகரம் தன் பொழுதுபோக்கை ஒரு பக்கமும் தன் புகையை மறு பக்கமும் வைத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை. 1997ல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. பெயர் மாறியது. ரயில் அதே நேரம்தான்.

2020 கோடையில் அந்த ரயிலும் இல்லை. மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் நின்ற புறநகர் வண்டிகள் பல மாதம் ஓடவில்லை. மே மாதம் வெறும் தண்டவாளமாகக் கிடந்தது. இடையில் மெட்ரோ வந்தது. 2018ல் சென்ட்ரலுக்கு, 2021ல் விம்கோ நகருக்கு. கும்மிடிப்பூண்டி ரயிலில் வருபவர்கள் விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ மாறலாம். குளிரூட்டிய பெட்டி, சொகுசு. பிள்ளைகளுக்கு அந்த மெட்ரோ ரயிலே இப்போது ஒரு 'பார்க்க வேண்டிய இடம்' ஆகிவிட்டது! டிக்கெட் விலை பார்த்து ஒரு பக்கம் மட்டும் அதில் போய்விட்டுத் திரும்பும்போது பழைய மின்சார ரயிலில் வருகிற குடும்பங்கள் உண்டு.

சென்ட்ரலுக்கு 2019ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். வண்டலூரைத் திறந்து வைத்தவரின் பெயர், பழைய உயிர் காலேஜின் வாசலில்! திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகும் புறநகர் வண்டிகள் அந்தப் பெரிய கட்டிடத்திலிருந்து புறப்படுவதில்லை. பக்கத்தில் தனி நிலையம் இருக்கிறது. டிக்கெட்டிலும் அறிவிப்பிலும் அதன் பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. மூர் மார்க்கெட் எரிந்த அதே இடத்தில் கட்டியது. வாசலில் பழைய மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இடுப்புயர வேலிக்குள் நிற்கும் அந்தச் சிவப்புப் பொம்மைக் கட்டிடத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. மெரினா மணல் காலில் ஒட்டியிருக்க, தூங்கிப்போன சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள்.